சாதா லேத்தா, சிஎன்சி லேத்தா? பம்பு ஷாஃப்ட் ஓட்டறவங்களுக்கு

கோயம்புத்தூர் பக்கம் பம்பு, மோட்டார் ஜாப் எடுக்கறவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல, இரும்பைச் சுத்தவிட்டுக் கடையற மெஷினான லேத்துல, கையால ஓட்டற சாதா லேத் போதுமா, கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற சிஎன்சி லேத் வாங்கணுமாங்கற கேள்வி வரும். மோட்டார் ஷாஃப்ட்டையே (மோட்டார்ல சுத்தற தண்டு) எடுத்துக்குங்க, 6205ங்கற நம்பர் பேரிங் உக்கார்ற இடம் 25 மி.மீ., கே6 ஃபிட்னு (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்னு சொல்ற அளவு வரம்பு) டிராயிங்ல போட்டிருந்தா 25.002ல இருந்து 25.015க்குள்ள நிக்கணும், அதாவது மொத்தமே 13 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு). சாதா லேத்துல நல்ல டர்னர் எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்து பாத்து இதைக் கொண்டுவந்துருவாரு, ஆனா நூறு பீஸ்லயும் அதே கை வருமான்னா சந்தேகம்தான், அவரு லீவு போட்டா வேலையே நின்னுரும்.

சிஎன்சில ஒரு தடவை புரோகிராம், டூல் ஆஃப்செட் (வெட்டற டூலோட இடத்தைச் சரிபண்ற அளவு) செட் பண்ணிட்டா அளவு ஒரே மாதிரி வரும். ஆனா இன்சர்ட் (டூல் நுனில வெட்டற துண்டு) தேய தேய பீஸோட டயா (விட்டம்) ஏறும், அப்பப்ப ஆஃப்செட்ல சில மைக்ரான் தட்டணும், காலைல மெஷின் சூடாகறதுக்கு முன்னாடி ஓட்டற முதல் பீஸ்களையும் அளந்தே ஆகணும். பட்டனை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடலாம்னு நினைச்சா ஸ்கிராப்தான்.

விலை? சாதா லேத் ரொம்ப சீப், செகண்ட் ஹேண்ட்லயும் கிடைக்கும். ரிப்பேர் வேலை, ஒத்தைப் பீஸ்னா அதுதான் லாபம், புரோகிராம் எழுதற நேரத்துல சாதா லேத்துல பீஸே முடிஞ்சிரும். மாசாமாசம் ஒரே ஐட்டம் ரிப்பீட் ஆர்டர் வந்தா மட்டும் சிஎன்சிக்கு லோன் போடுங்க, வாங்கினாலும் பழைய லேத்தை வித்துராதீங்க.