பாலக்கோட்டு வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு அப்பா வைத்த ‘நிழல்’ என்ற பெயரை மரத்தில் செதுக்கி வாசல் சுவரில் மாட்டிவிட்டே லண்டன் திரும்புவது என்று இந்த விடுப்பில் முடிவு செய்திருந்தேன்.

முதலில் போனது, கதவுகளுக்கு இயந்திரத்தில் பூவேலை செய்துதரும் ஒரு கடைக்கு. மறுநாளே தருவதாகச் சொன்னார்கள். ஆனால் தேக்கு என்று அவர்கள் காட்டிய பலகையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டை ஓடியது. கேட்டதற்கு, பாலிஷ் போட்டால் தெரியாது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், கரையானுக்குத் தெரியுமே! தேக்குக்குப் பெயர் வாங்கித் தந்த எண்ணெய்ப்பசை அதன் வைரத்தில், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியில்தான் இருக்கிறது; வெளுப்புப் பகுதி மழையில் எளிதில் உளுத்துவிடும்.

சித்தப்பா அழைத்துச் சென்ற ஆசாரியோ, பலகை எந்தத் திசையைப் பார்க்கும், மேலே தாழ்வாரம் உண்டா என்பதையே முதலில் கேட்டார். மேற்குப் பார்த்த சுவர், தாழ்வாரம் இல்லை என்றதும் மாமரத்தைப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. நான் வேங்கையைச் சொன்னேன். உறுதிக்குக் குறைவில்லை என்றாலும், நனைந்தால் சாயம் இறங்கி வெள்ளைச் சுவரைக் கறையாக்கும் என்றார். வேங்கைக் குவளையில் ஊற்றி வைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“தேக்குன்னு பேர் இருந்தா போதாதுங்க தம்பி, காஞ்ச வைரமா இருக்கணும்” என்றவர், இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வாங்கி வைத்திருந்த தேக்கு நிலைக்கட்டையை எடுத்தார். பல ஆண்டுகள் காய்ந்து அடங்கிய மரம் என்பதால் இனிமேல் பெரிதாக முறுக்காது. உள்ளே புதைந்த ஆணிகளைத் தேடிப் பிடுங்குவதற்கே அரை நாள் போயிற்று.

எழுத்துகளைத் தட்டையான குழியாக வெட்டாமல், இரு பக்கமும் சரிந்து நடுவில் கூடும் பள்ளமாகச் செதுக்கினார். குழியில் தங்கும் நீர் சரிவில் தங்காது. ழகரத்தின் வளைவுக்குள் எஞ்சும் சிறு துண்டு நாரோடு பெயர்ந்துவிடும் என்பதால் எழுத்தை நான் கேட்டதைவிடப் பெரிதாக்கினார். லகரத்தின் புள்ளிக்குக்கூடக் கீழ்ப்பக்கம் ஒரு சரிவு வைத்தார். இந்த நுணுக்கத்தை நான் கேட்டு வாங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பித்தளைத் திருகாணி என்பது மட்டும் என் பிடிவாதம். லண்டன் வீட்டில் ஓக் பலகையில் இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்துப்போன அனுபவம் எனக்கு உண்டு. வார்னிஷ் வெயிலில் வெடித்து உரியும் என்று அதைத் தவிர்த்து, ஆளிவிதை எண்ணெயை இரண்டு முறை பூசினோம். சுவரின் ஈரம் ஏறாதிருக்க, பின்னால் அரை அங்குலக் கட்டைகளும் வைத்தோம்.

ஆறு நாளில் தருவதாகச் சொன்ன வேலை, இடையில் வந்த ஒரு கிரகப்பிரவேச வீட்டுக் கதவால் ஒன்பது நாள் ஆனது. கூலியும் இயந்திரக் கடையைவிடக் கூடுதல். மீதி எண்ணெயைச் சித்தப்பாவிடம் கொடுத்து, ஆண்டுக்கொரு முறை பூசும்படியும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பலகையைக் கழற்றிவிடும்படியும் சொல்லி வந்திருக்கிறேன். திருகாணிகள் நான்குதான்.