ஸ்டீம்போட் கெய்சர் "உத்தரவாத" டூர்: 680 டாலர் போனது, யாரும் வாங்காதீர்கள்

நேற்று இரவுதான் இந்த டூரை விற்றவர்களிடமிருந்து கடைசி பதில் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். இதில் மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு ஆன்லைன் தளம் அது. பூங்காவின் நாரிஸ் பகுதியிலுள்ள ஸ்டீம்போட் கெய்சர் (வெந்நீரையும் ஆவியையும் பீறிட்டு அடிக்கும் ஊற்று) பீறிடுவதைக் காட்டுகிறோம், பார்க்க முடியாவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று ஒரு வேன் பயணத்தை விற்கிறார்கள். நான், மனைவி, பையன், அம்மா, நான்கு பேருக்கும் சேர்த்து 680 டாலர். இன்று உலகில் இயங்குகிற கெய்சர்களில் மிக உயரமாகப் பீறிடுவது ஸ்டீம்போட்தான். 90 மீட்டருக்கும் மேலே போகும். அதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஃபோன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். தரைக்கடியில் வெப்பம் ஏறுவதைத் தினமும் கணக்கெடுக்கிறோம் என்று சொல்லி, உடனே ஒரு படமும் அனுப்பினார். நீலக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் கேட்ட தேதியில் மதியம் 2 முதல் 4 வரை சிவப்பு வட்டம். "அம்மாவுக்கு நடக்கக் கஷ்டமா? கவலைப்படாதீர்கள், பெஞ்சுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறோம்" என்றார். அதைக் கேட்டதும்தான் கார்டு நம்பரைக் கொடுத்தேன். அம்மாவின் மூட்டுவலியைச் சொல்லி வியாபாரம் பண்ணியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வேன் நின்றது பார்க்கிங்கில். அங்கிருந்து மரப்பலகைப் பாதை, படிகள். அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். ஊற்று அவ்வப்போது சில மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தெறித்தது, ஆவி விட்டது, அவ்வளவுதான். நாலேகாலுக்கு டிரைவர் கிளம்பச் சொல்லிவிட்டார்.

அங்கிருந்த ரேஞ்சரிடம் (பூங்கா ஊழியர்) அந்தப் படத்தைக் காட்டினேன். ஸ்டீம்போட் எப்போது பீறிடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். 1911-லிருந்து 1961 வரை ஐம்பது வருடம் அது பெரிதாகப் பீறிடவே இல்லையாம். 2019-ல் 48 தடவை பீறிட்டிருக்கிறது, அப்புறம் மறுபடி குறைந்துவிட்டது. நாளையா, மாதங்கள் கழித்தா என்று பூங்காக்காரர்களுக்கே தெரியாததற்குத்தான் இவர்கள் மணிக்கணக்கு போட்டு 680 டாலர் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. படம் நன்றாக வரும், பாதையை விட்டு இறங்கி நில் என்று டிரைவர் என் பையனிடம் சொன்னார். அங்கே மேல்மண் மெல்லிசு, அடியில் கொதிக்கிற தண்ணீர். 2016-ல் இதே நாரிஸில் பாதையை விட்டுப் போன ஒரு இளைஞர் வெந்நீரில் விழுந்து இறந்திருக்கிறார். மனைவி பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "தண்ணீர் எழும்பியதல்லவா, அதுவும் பீறிடல்தான்" என்று முதல் பதில். அடுத்து, இயற்கை எங்கள் கையில் இல்லை என்றார்கள். அப்படியானால் உத்தரவாதம் எதற்கு? அப்புறம் வேன்காரரைக் கேளுங்கள் என்றார்கள். வேன்காரர், பணம் தளத்திடம்தான் இருக்கிறது என்கிறார். நேற்று வந்தது, அடுத்த பயணத்துக்கு 68 டாலர் கூப்பன். நான் கேட்டது 680 டாலர்!

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. ஸ்டீம்போட்டுக்கு நேரம் சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் உட்பட ஆறு கெய்சர்களுக்குத்தான் பூங்காவே நேரம் கணித்துச் சொல்கிறது, அதற்கு நுழைவுக் கட்டணம் தவிரத் தனி டிக்கெட் கிடையாது. வேன் எடுத்தால் பூங்கா அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். யார் சொன்னாலும் பலகையை விட்டு இறங்காதீர்கள். நான் கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்துவிட்டேன். அந்த நீலக் கோட்டுப் படம் உங்களுக்கும் வந்து, பணமும் கட்டியிருந்தால், இன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள்.