முதல் மான் வேட்டைக்குக் கிராஸ்போவா, ரைஃபிளா? 57 வயதில் போட்ட கணக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வேட்டையைக் கற்றுத் தந்தவர் அப்பா, இல்லாவிட்டால் தாத்தா. பத்து வயதில் பின்னாலேயே போய்ப் பார்த்துப் பழகியவர்கள். எனக்கு அப்படி ஒருவரும் கிடையாது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972இல் எனக்கு நான்கு வயது. வேட்டை என்றால் போலீஸ் கேஸ் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவன், 57 வயதில், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தானாகவே படித்து மான் வேட்டைக்குப் போனேன். போவதற்கு முன் நான்கு மாதம் மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்: எந்த ஆயுதம்?

இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த, கையால் இழுக்கும் காம்பவுண்ட் வில்லை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். முழுக்க இழுத்த பிறகு பிடித்திருக்க வேண்டிய பாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம்வரை இழுக்க வேண்டுமே! பதினைந்து ஆண்டுச் சர்க்கரை தந்த பரிசாக என் வலது தோள் இறுகிக் கிடக்கிறது. மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுப்பதே பாடு. அந்த வில்லைப் பற்றிப் பேச எனக்கு அனுபவமும் இல்லை. தோள் நன்றாக இருப்பவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக மிஞ்சியவை இரண்டு. நான் வாங்கியது கிராஸ்போ, அதாவது துப்பாக்கிபோல் கட்டையில் படுக்கையாகப் பொருத்தி விசையைத் தட்டி எய்யும் வில். வாங்கியவன் வாங்கியதைப் புகழ்வான் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தூரம், வேகம், விழுத்தும் வலிமை மூன்றிலும் ரைஃபிள்தான் மேல். ரைஃபிளுக்கு 100 கெஜம் சாதாரணம். கிராஸ்போவில் நான் எனக்கு விதித்துக்கொண்ட எல்லை 30 கெஜம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. தெற்கு மிச்சிகனில் நீண்டகாலமாக ஷாட்கன் துப்பாக்கியும், கழுத்து குறுகாத நேரான தோட்டா போடும் ரைஃபிளும்தான் புழக்கம். அதனால் இந்தப் பக்கம் 450 புஷ்மாஸ்டர் என்ற தோட்டா வகை ஏகப் பிரபலம். விதிகள் மாறும், அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

காகித வேலையில் கிராஸ்போ சுலபம். 2024 பிப்ரவரியிலிருந்து மிச்சிகனில் ரைஃபிளுக்கும் முன்கூட்டியே வாங்கும் உரிமம் எடுக்க வேண்டும். கிராஸ்போ துப்பாக்கிக் கணக்கில் சேராது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருந்தால் விதிவிலக்கு உண்டு. அந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துப்பாக்கியைத் தொட வேண்டாம். எந்த ஆயுதமானாலும், 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும். என் வகுப்பில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவனுக்குப் பதினொரு வயது. தேர்வில் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கினான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கடைக்காரர்கள் விசை, எடை, ஸ்கோப் என்று பேசுவார்கள். என் முடிவைத் தீர்மானித்தது காலண்டர்.

மிச்சிகனில் துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. பதினாறே நாள். வில் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை 45 நாள். பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை இன்னொரு 32 நாள். மாநிலத்தின் தெற்குப் பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் இந்த இரண்டிலும் கிராஸ்போவுக்கு அனுமதி உண்டு. 16க்கு எதிராக 77. துப்பாக்கிக்கென்று சின்னச் சின்னப் பருவங்கள் வேறு உண்டு என்றாலும் கணக்கு பெரிதாக மாறாது.

ஆனால் நாள் கணக்கைவிட முக்கியமானது சூரியன். அக்டோபர் முதல் வாரத்தில் இங்கே சூரியன் மறைய ஏழு மணி தாண்டும். மறைந்த பிறகும் அரை மணி நேரம் சட்டப்படி வேட்டை நேரம். நான்கு மணிக்கு ஆன் ஆர்பர் அலுவலகத்தை விட்டால் ஐந்தேகாலுக்கு வாட்டர்லூ பொழுதுபோக்குக் காட்டில் என் மறைப்புக் கூடாரத்துக்குள் இருப்பேன். இரண்டு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். நவம்பர் 15 வரும்போது ஐந்து மணி பத்து நிமிடத்துக்கே சூரியன் போய்விடும். வேலைக்குப் போகிறவனுக்குத் துப்பாக்கிப் பருவம் என்றால் இரண்டு, மூன்று வாரக்கடைசிகள்தான். அதில் ஒன்று நன்றி நவிலல் விடுமுறையில் விழும், வீட்டில் விருந்தாளி. பரம்பரை வேட்டைக்காரர்கள் நவம்பர் 15க்கு விடுப்பு எடுத்துவிடுவார்கள். கிராமப்புறத்தில் பல பள்ளிகளுக்கே அன்று விடுமுறை. அவர்களுக்கு அந்த ஒரு நாள் போதும். மான் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர்களுக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

எனக்குத் தெரியாது. தவறு செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, தவறு செய்ய நாட்கள் வேண்டும். முதல் மாலை காற்று என் முதுகிலிருந்து மான் வரும் பக்கம் வீசியது. நான் போட்டிருந்த ஜாக்கெட் ஒரு வாரமாகச் சமையலறைக் கதவில் தொங்கியது. பெருங்காயத் தாளிப்பின் மணம் வெண்வால் மானுக்கு எப்படி இருந்ததோ, அறுபது கெஜத்தில் காலை உதைத்து, மூக்கால் சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாவது மாலை வில்லின் கை கூடாரத்தின் கம்பியில் இடித்து டங்கென்றது. அடுத்த வாரம் ஒரு பிணை (பெண் மான்) இருபது கெஜத்தில் வந்து நின்றது. பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிவிட்டேன், சுடவில்லை. கை அப்படி நடுங்கியது. இன்னொரு நாள் மான் வருவதைப் பார்க்கவே இல்லை, போன பிறகுதான் பார்த்தேன். இப்படிப் பதின்மூன்று மாலைகள். ரைஃபிள் எடுத்திருந்தால் இதில் ஐந்து தவறு செய்வதற்குள் பருவமே முடிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நவம்பர் முற்பாதி இங்கே மான்கள் இணைசேரும் காலம். கொம்பு மான் எச்சரிக்கையை மறந்து பகலிலேயே அலையும் அந்த இரண்டு வாரம் பெரும்பாலும் வில்காரர்களுடையது. துப்பாக்கிகள் வந்ததும் பொதுக் காட்டில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள் நிறைந்துவிடும். மான்கள் இருட்டினால்தான் நகரும் என்கிறார்கள். இதை நான் பார்த்தது ஒரே பருவம், அதுவும் ஒரே காட்டில்.

பயிற்சியிலும் என் ஓட்டு கிராஸ்போவுக்கே. காலால் மிதித்து, கயிறு போட்டு இழுத்தால் நாணேற்றும் பாரம் பாதியாகிவிடும். தோள் தாங்கவில்லை என்றால் கைப்பிடி சுற்றி ஏற்றும் வகையும் உண்டு. தினமும் மாலை ஐந்து அம்பு, அதே அம்பையே பிடுங்கி மறுபடி. (வீட்டுப் பின்புறத்தில் எய்ய உங்கள் ஊர் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் ஊர் அனுமதிக்கவில்லை. ஒரு நண்பரின் பண்ணை கிடைத்தது.) ரைஃபிளை ஷாரன்வில் சுடுதளத்தில், நண்பர் பக்கத்தில் நிற்க, இரண்டு முறை சுட்டுப் பார்த்தேன். 450 புஷ்மாஸ்டரின் உதை எட்டாவது தோட்டாவில் என்னைக் கண் மூட வைத்தது. 350 லெஜண்ட் என்ற இன்னொரு தோட்டாவின் உதை மென்மையானது என்று சொல்கிறார்கள். நான் சுட்டதில்லை.

கிராஸ்போ தோற்கும் இடத்தையும் மறைக்கக் கூடாது. முதலாவது, நாண் ஓடும் தடத்தில் கட்டைவிரல் இருந்தால் விரல் போகும். அம்பு இல்லாமல் விசையைத் தட்டினால் வில்லே உடையலாம். பொழுது சாய்ந்ததும் தோட்டாவைக் கழற்றுவதுபோல் நாணை இறக்கிவிட முடியாது. பல மாடல்களில் ஒரு பழைய அம்பை மண்ணில் எய்துதான் இறக்க வேண்டும். நாணுக்கு அடிக்கடி மெழுகு பூச வேண்டும், இரண்டொரு வருடத்தில் நாணையே மாற்ற வேண்டும், அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும். நான் வாங்கிய கடையில் இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது, அதைவிடப் பெரியது: எய்த பிறகு நடப்பது. நன்றாகச் சுட்ட ரைஃபிளில் மான் பெரும்பாலும் கண்ணெதிரே விழும். அம்பு அப்படியல்ல. நல்ல இடத்தில் பட்டாலும் மான் ஓடும், நீங்கள் குருதித் தடம் பிடித்துப் போக வேண்டும். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம். பச்சையாக, நாற்றமடித்தால் குடல்; ஆறு முதல் எட்டு மணி நேரம், தேவைப்பட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விரட்டினால் மான் எழுந்து ஓடி எங்கோ சாகும், உங்களுக்கும் கிடைக்காது. இதையெல்லாம் எழுத்தில் படித்திருந்தேன். பதினான்காவது மாலை, இருபத்திரண்டு கெஜத்தில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் அம்பு பாய்ந்து பிணை புதருக்குள் மறைந்தபோது, படித்தது ஒன்றும் நினைவில்லை. அரை மணி நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் நுரை தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. எழுபது கெஜம். அது என் திறமையா, அதிர்ஷ்டமா என்று ஒரே மானை வைத்துச் சொல்ல முடியாது. குடலில் பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஓய்வுபெற்றவரா, வார நாளில் காலையிலேயே காட்டுக்குப் போக முடியுமா, சொந்த நிலமுள்ள நண்பர் இருக்கிறாரா? அப்படியானால் என் காலண்டர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, ரைஃபிளே எடுங்கள். கண் பார்வை மங்கலாக இருந்தாலும், இருட்டில் தனியாகத் தடம் தேடத் தயக்கமாக இருந்தாலும் அதுவே சரி. என்னைப் போல நான்கு மணிக்கு அலுவலகத்தை விட்டு ஓடுகிறவர் என்றால் கிராஸ்போ.

மானைப் பதிவு செய்ய 72 மணி நேரம் அவகாசம், இணையத்திலேயே முடிந்துவிடும். வீட்டில் முதலில் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் தொடைக்கறியை மிளகு போட்டு வறுத்தேன், கொழுப்பே இல்லாததால் காய்ந்து நாராகிவிட்டது. இரண்டாம் முறை மனைவி நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் குக்கரில் ஏழு விசில் வைத்தாள். அது சரியாக வந்தது.