பிரிக் கேமா, சைமனா?

பாலக்கோட்டில் இருக்கும் அக்கா மகனுக்குப் பார்வை கிடையாது. தர்மபுரியில் வாங்கிய பிரிக் கேமின் (திரையில் விழும் கட்டைகளை அடுக்கும் கையடக்க விளையாட்டு) பொத்தான்களில் நகப்பூச்சைச் சொட்டு வைத்துக் காயவிட்டுக் கொடுத்தேன். பொத்தான் உடனே பிடிபட்டது. ஆனால் விழுவது நீளக் கட்டையா, சதுரமா என்பது திரையில் மட்டும்தானே தெரியும்! “எல்லாத்துக்கும் ஒரே பீப்தான் மாமா” என்றான்.

1978-இல் வந்த சைமன் என்ற மின்னணு விளையாட்டுக் கருவி வேறு ரகம். நாலு நிறப் பட்டை, ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை. அது ஒலிக்கிற வரிசையைத் திருப்பி அழுத்த வேண்டும். சுற்றுக்குச் சுற்று வரிசை நீளும். எந்த ஓசை எந்தப் பட்டை என்பதில்தான் முதலில் தடுமாறினான். அப்புறம் தாழ்ந்த ஓசைக்கு ஒரு சொட்டு, உயர்ந்ததற்கு நாலு என்று வைத்தேன். சரியாகிவிட்டது. (அக்காவின் நகப்பூச்சுதான் காலி.) பிரிக் கேமை இப்போது நான் ஆடுகிறேன்.