காம்பவுண்ட் கிராஸ்போ, சில வருஷ உபயோகத்துக்கு அப்புறம்: லிம்ப் போன கதையும் மாறின பழக்கங்களும்

கிராஸ்போன்னா துப்பாக்கி மாதிரி கட்டையும் டிரிகரும் வெச்ச வில்லு, லிம்ப்னா அதுல வளையற ரெண்டு கை, காம்பவுண்ட்னா அந்த லிம்ப் நுனில கேம்னு சக்கரமும் அதுல ஓடற கேபிளும் இருக்கற வகை. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் வேட்டைக்கு போற ஆள் கிடையாது. மிச்சிகன்ல நோவி பக்கம் இருக்கேன், இங்க கிராஸ்போ வாங்கறவங்க பெரும்பாலும் மானுக்காகத்தான் வாங்கறாங்க, அக்டோபர் 1ல வில் சீசன் தொடங்குது, நவம்பர் 15ல துப்பாக்கி சீசன், அந்த ரெண்டுக்கும் நடுவுல கடைல போல்ட் (கிராஸ்போவோட அம்பு) கூட சரியா கிடைக்காது. நான் சுடறது ஃபோம் பிளாக்க மட்டும்தான். நான் ரேஞ்சுல ஃபோம சுட்டுட்டு இருக்கற நேரத்துல வீட்டுப் பின்னாடி மான் வந்து என் அவரைச் செடிய மொட்டையடிச்சிட்டு போகுது, அது தனிக் கதை.

ஏன் துப்பாக்கி வாங்காம இதுன்னு கேக்கறவங்களுக்கு: எச்1பி மாதிரி விசால இருக்கறவங்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வெச்சுக்கவே கூடாது, செல்லுபடியாகுற வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருந்தாத்தான் முடியும். கிராஸ்போ அந்த சட்டத்துல துப்பாக்கி கணக்குல வராது. அதனால நம்மாளுங்க சிலர் இது பக்கம் வர்றாங்க, ஆனா வாங்கிட்டு பேக்யார்டுல நின்னு சுடலாம்னு நினைச்சுடாதீங்க, டவுன்ஷிப் விதி வேற, எச்ஓஏ (குடியிருப்பு சங்கம்) விதி வேற, போன் பண்ணி கேட்டுடுங்க. வில்லுக்குன்னு இருக்கற ரேஞ்சுலயே கிராஸ்போவ விடாத இடம் உண்டு, போல்ட் ரொம்ப ஆழமா இறங்கி அவங்க டார்கெட்ட நாசம் பண்ணிடுதுன்னு.

சட்டத்துல துப்பாக்கி இல்லன்னாலும் சக்தில கொஞ்சமும் சளைச்சதில்ல. என்னோடது பாக்ஸ்ல 370 எஃப்பிஎஸ்னு, அதாவது நொடிக்கு 370 அடி வேகம்னு போட்டது, 400 கிரெயின் போல்ட், அதாவது கிட்டத்தட்ட 26 கிராம். கணக்கு போட்டா சக்தி 120 ஃபுட் பவுண்டுக்கு மேல வருது. சாதாரண பாயின்ட் டூ டூ ரைஃபிள் தோட்டாவோட சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுதான். சத்தம் கம்மி, நெருப்பு இல்ல, அதனாலயே பாக்கறவங்களுக்கு ஏதோ விளையாட்டு சாமான் மாதிரி ஒரு நினைப்பு வந்துடுது.

பொருள் எப்படின்னு கேட்டா, டிரிகர் நல்லாவே இருக்கு, ஸ்கோப் 20 கெஜத்துக்கு ஒரு தடவை செட் பண்ணினா கீழ இருக்கற கோடுங்க 30க்கும் 40க்கும் சரியா வந்துச்சு. முன்பக்கம் பாரம் ஜாஸ்தி, நின்னுட்டு சுட்டா கொஞ்ச நேரத்துல இடது கை நடுங்க ஆரம்பிச்சிடும், அதனால நான் பெஞ்சுலதான். 185 பவுண்ட் இழுவைன்னு படிச்சதும் பயந்தேன், ஆனா ஸ்ட்ரிங்க இழுத்து ஏத்தற கயிறு, ரோப் காக்கர்னு சொல்வாங்க, அதுல ரெண்டு கப்பி இருக்கறதால அதுல பாதி பாரம்தான் கைக்கு வருது, முன்னாடி இருக்கற வளையத்துல (ஸ்டிரப்) காலை நல்லா வெச்சு முதுக நேரா வெச்சுகிட்டு இழுத்தா என் வீட்டம்மாவே ஏத்திடறாங்க. மத்தபடி ரிவ்யூ வீடியோல எல்லாரும் பேசற வேகம் இருக்கே, வாங்கின ஒரு மாசத்துக்கு அப்புறம் அத பத்தி நான் யோசிச்சதே இல்ல. நான் யோசிக்கறது எல்லாம் நாக், அதாவது போல்ட்டோட வால்ல ஸ்ட்ரிங் தொடற துண்டு, அத பத்திதான். காரணம் கீழ.

ஒரு கோடைல மச்சினன் ஒஹாயோல இருந்து வந்திருந்தான், அவன்கிட்டயும் கிராஸ்போ உண்டு, ஆனா அது ரீகர்வ், அதாவது கேம் கேபிள் எதுவும் இல்லாத பழைய டிசைன். ரேஞ்சுல அவன் தன்னோட பெட்டியில இருந்த போல்ட்டுல ஒண்ண எடுத்து என் வில்லுல வெச்சான். ரெண்டு பேர் போல்ட்டும் ஒரே 20 இஞ்ச், ஒரே கறுப்பு கார்பன், இறகு கூட ஒரே கலர். பின்னாடி திருப்பி பாத்தாத்தான் வித்தியாசம். அவனோடது வால் பக்கம் தட்டையா இருக்கும், ஃபிளாட் நாக். என் வில்லுக்கு மேனுவல்ல கேட்டது ஹாஃப் மூன், வால்ல ஒரு மெல்லிசான பள்ளம் இருக்கும், ஸ்ட்ரிங் அந்தப் பள்ளத்துல உக்காந்து தள்ளும். தட்டை நாக்குக்குன்னே செஞ்ச வில்லுல அது ஒழுங்கா வேலை செய்யும், என் வில்லுல ஸ்ட்ரிங் அத பிடிக்காம மேல ஏறி தாண்டி போயிடுச்சு.

வழக்கமா வர்ற டப் சத்தம் வரல, தகர டின்ன சுவத்துல அறைஞ்ச மாதிரி ஒரு சத்தம். போல்ட் பாதி தூரம் கூட போகாம புல்லுல படுத்துகிச்சு. ஒரு பக்கம் கேபிள் கேம விட்டு வெளிய வந்து தொங்குது, ஸ்ட்ரிங் நடுவுல சுத்தியிருக்கற சர்விங் நூல் பிரிஞ்சு மீசை மாதிரி நிக்குது. யாருக்கும் அடி இல்ல. மச்சினன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், இதுல ஆன்ட்டி ட்ரை ஃபயர் இருக்குன்னு சொன்னீங்களே?"

இருக்கு. அங்கதான் விஷயம், இத நிறைய பேர் புரிஞ்சிக்கறதில்ல. போல்ட் இல்லாம டிரிகர் இழுத்தா ஸ்ட்ரிங்க விடாம பிடிச்சிக்க உள்ள ஒரு சின்ன லிவர் இருக்கும். போல்ட்ட உள்ள தள்ளினதும் அது மேல தூக்கிக்கும், சரி ஆள் இருக்கான்னு வில்லு நம்பிடும். போல்ட் இருக்கான்னு மட்டும்தான் அதுக்கு தெரியும், சரியான போல்ட்டான்னு அதுக்கு தெரியாது. லிம்புல ஏத்தி வெச்ச சக்திய வாங்கிட்டு போக வேண்டியது போல்ட், அது வாங்கலன்னா மொத்தமும் திரும்ப லிம்ப், கேம், ஸ்ட்ரிங் மேலயே விழுது. ரொம்ப லேசான போல்ட் போட்டாலும் இதே கதைதான், ஒரேயடியா உடையாது, கொஞ்சம் கொஞ்சமா கொல்லும். அதனால மேனுவல்ல குறைஞ்சபட்ச எடைன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, முனையையும் சேத்து அந்த எடைக்கு கீழ போகாதீங்க, கூட நாலு எஃப்பிஎஸ் கிடைச்சு என்ன பண்ணப் போறோம்.

கேபிள மட்டும் திரும்ப மாட்டினா போதும்னுதான் நானும் நினைச்சேன், ஏன்னா லிம்ப் பாக்க பளபளன்னு இருந்துச்சு. ப்ரோ ஷாப்ல இருந்த பெரியவர் ஒரு பஞ்சு உருண்டைய எடுத்து லிம்ப் மேலயும் ஓரத்துலயும் மெதுவா இழுத்துகிட்டே வந்தார். வலது பக்கம் கேமுக்கு கொஞ்சம் முன்னாடி பஞ்சுல ரெண்டு இழை மாட்டிகிச்சு. கண்ணுக்கு தெரியல, விரல்ல தடவினாலும் தெரியல (விரல்ல தடவாதீங்க, ஃபைபர் சிலாம்பு ஏறினா எடுக்கறது பெரும்பாடு), பஞ்சுக்கு தெரிஞ்சிடுச்சு. அப்படியே இன்னொரு தடவை ஏத்தியிருந்தா முகத்துக்கு ஒரு அடி தூரத்துல லிம்ப் வெடிச்சிருக்கலாம்.

செலவு: லிம்ப் ஒண்ண மட்டும் மாத்த முடியாது, இழுவை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு செட்டாத்தான் போடணும். கூடவே ஸ்ட்ரிங், கேபிள், ப்ரெஸ்ல (லிம்ப அழுத்திப் பிடிக்கற மெஷின்) வெச்சு கழட்டி மாட்டற கூலி. காம்பவுண்ட வீட்டுல கழட்டவே முடியாது, ப்ரெஸ் இல்லாம கை வெச்சா ஆபத்து. ட்ரை ஃபயர்னு சொன்னதும் வாரன்ட்டி கதவ சாத்திட்டாங்க, அதுவும் மேனுவல்ல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு. புது வில்லோட விலைல பாதிக்கு பக்கம் ஆயிடுச்சு, பார்ட்ஸ் வர்றதுக்குள்ள கோடையும் முடிஞ்சிடுச்சு.

இப்ப எங்க பெஞ்சுல யாரு வந்தாலும் அவங்கவங்க போல்ட் அவங்கவங்க பெட்டியிலயே இருக்கும், என் போல்ட்டு நாக் எல்லாம் ஆரஞ்சு கலர்ல மாத்திட்டேன், ஆரஞ்சு இல்லன்னா என் வில்லுல ஏறாது. ஹாஃப் மூன்ல இன்னொரு சங்கதி இருக்கு, பள்ளம் ஸ்ட்ரிங்கோட ஒரே திசைல இருக்கணும், குறுக்க திரும்பியிருந்தா தட்டை நாக்க விட மோசம். வேற கலர்ல இருக்கற ஒத்த இறகு கீழ போல்ட் படுக்கற ரெயிலோட பள்ளத்துக்குள்ள இறங்கினா திசை தானா சரியா வரும், ஆனா நாக் லேசா சுத்திக்கற வகையா இருந்தா ஒவ்வொரு தடவையும் கண்ணால பாக்கறது நல்லது. அப்புறம் போல்ட் ஸ்ட்ரிங்க தொடற வரைக்கும் பின்னாடி தள்ளணும், நடுவுல இடைவெளி விட்டா ஸ்ட்ரிங் ஓடிவந்து நாக்க அடிக்கும், நாக் நொறுங்கும். கார்பன் போல்ட்ட ஏத்தறதுக்கு முன்னாடி காதுகிட்ட வெச்சு லேசா வளைச்சு பாப்பேன், கிரக்குனு சத்தம் வந்தா குப்பைல போயிடும்.

ஏத்தும்போது ஸ்ட்ரிங் ஒரு பக்கம் கூடுதலா வந்துட்டா சுடறது இடம் வலம்னு ஓடும், ஸ்கோப்ப குறை சொல்லிட்டு திருகிட்டே இருப்போம். ஸ்ட்ரிங் இறங்கின நிலைல இருக்கும்போது ரெயிலோட ரெண்டு பக்கமும் ஸ்ட்ரிங் மேல மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சுக்குங்க, ஏத்தினப்புறம் ரெண்டு புள்ளியும் ஒரே அளவுல தள்ளி நிக்குதான்னு பாத்தா போதும்.

கட்டை விரல். இத தனியா சொல்லணும். முன்னாடி பிடிக்கற கை ரெயில் மட்டத்துக்கு மேல ஒரு நூல் அளவு கூட வரக்கூடாது, ஸ்ட்ரிங் போற வழியில விரல் இருந்தா விரல் போயிடும், இதுல மிகைப்படுத்தல் எதுவும் இல்ல. துப்பாக்கி பிடிச்சு பழகினவங்கதான் இதுல ஜாஸ்தி தப்பு பண்றாங்க, அவங்க கை பழக்கத்துல மேல சுத்திக்குது. புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல ஏத்தாத வில்ல கைல குடுத்து அஞ்சு நிமிஷம் சும்மா பிடிக்க விடுவேன், கட்டை விரல் மேல வந்தா அன்னைக்கு அவங்களுக்கு சுடறது இல்ல, பக்கத்துல நின்னு வேடிக்கைதான். அதே மாதிரி லிம்ப் நுனி. விடும்போது ரெண்டு பக்கமும் வெளிய விரியும், பெஞ்சுத் தூண், மரக்கிளை, பக்கத்துல நிக்கற ஆளோட முழங்கை, எது இருந்தாலும் அடிக்கும், லிம்ப் போறதுக்கு அதுவும் ஒரு வழி.

இன்னொரு பெரிய தலைவலி, ஏத்தின வில்ல இறக்கறது. புது மாடல்கள் சிலதுல கிராங்க் சுத்தி இறக்கற வசதி இருக்கு, என்னோடதுல கிடையாது, சுட்டுத்தான் இறக்கணும். கயித்த பிடிச்சுகிட்டு டிரிகர் இழுத்து மெதுவா விடலாம்னு சில பேர் பண்ணி காட்டறாங்க, மேனுவல் அனுமதிக்காத வில்லுல அத செய்யாதீங்க. அதனால ரேஞ்சுல ஆளுங்க டார்கெட்டுக்கு நடந்து போற நேரம் வந்தா அதுக்கு முன்னாடி ஏத்தினத சுட்டு முடிச்சிருக்கணும், போற நேரத்துல வில்லு காலியா பெஞ்சுல, யாரும் தொடக்கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி கடைசி போல்ட் எப்பவும் ஃபோமுக்குள்ளதான், ஏத்தின வில்லோட கார்ல ஏறினா வேற யாரும் வேண்டாம், நமக்கு நாமே ஆபத்து.

கார்னதும் ஞாபகம் வருது, ஜூலை வெயில்ல டிக்கில வெச்சு பூட்டிட்டு ஷாப்பிங் போகாதீங்க, அந்த சூடு லிம்போட பசைக்கும் ஆகாது ஸ்ட்ரிங்குக்கும் ஆகாது. ஸ்ட்ரிங்குக்கு வாக்ஸ் போடுவேன், சர்விங் மேல அத தேய்க்கறதில்ல, அதுக்கும் ரெயிலுக்கும் ரெயில் லூப்னு வர்ற வழவழப்பு எண்ணெய் ஒரு சொட்டு, எங்க போடணும்னு உங்க மேனுவல் சொல்றபடி செய்யுங்க. ஃபோம் டார்கெட்ல ஒரே புள்ளிய குறி வெச்சு திரும்ப திரும்ப சுடாதீங்க, பெருமையா இருக்கும், ஆனா முதல் போல்ட்டோட வால்ல ரெண்டாவது போய் செருகினா ரெண்டும் காலி.

இப்ப புதுசா வாங்கறதா இருந்தா எனக்கு ரீகர்வ்தான். அகலம் ஜாஸ்தி, ஏத்தறதும் கொஞ்சம் கஷ்டம், வேகம் கம்மி, ஆனா ஸ்ட்ரிங்க வீட்டுலயே மாத்திக்கலாம், கேம் கேபிள்னு கெட்டுப் போக எதுவும் இல்ல, டார்கெட்டுக்கு மட்டும்னா அது தாராளம். காம்பவுண்ட்தான் வேணும்னா பக்கத்துல ப்ரெஸ் வெச்சிருக்கற கடை இருக்கான்னு முதல்ல பாத்துட்டு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறதா இருந்தா பாக்கெட்டுல கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு போங்க, விக்கறவர் முகம் சுளிச்சா பரவால்ல, இழை மாட்டினா விலை எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம்னுட்டு வந்துடுங்க.