புடவையோடு நாற்பது ஆண்டுகள்: என் லேடீஸ் சைக்கிளும் அதன் சாமான்களும்

1984 ஆனி மாதத்தில் தஞ்சாவூரில் அந்த சைக்கிளை வாங்கினேன். இருபத்தோரு வயது; தட்டச்சர் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீடு திருவையாற்றில், அலுவலகம் தஞ்சாவூரில். போக வர சுமார் 25 கிலோமீட்டர். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேடு, ஒரு இறக்கம். இன்றும் காலையில் பால் வாங்கவும் கடைத்தெருவுக்குப் போகவும் அதே வண்டிதான்.

இப்போது போல அப்போது சைக்கிள் முழுதாகக் கடைக்கு வராது. சட்டம், ரிம், போக்ஸ் கம்பி எல்லாம் தனித்தனியாக வரும். கடைக்காரர் சக்கரம் கோத்து, பெண்டு எடுத்து, கண் முன்னால் வண்டியை உருவாக்கித் தருவார். சீட், டைனமோ, கேரியர், ஸ்டாண்டு, பூட்டு, மணி எல்லாவற்றையும் நாம்தான் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சாமானைப் பற்றியும் எனக்குத் தனித்தனியாக ஒரு கருத்து உண்டு. உடுத்தியிருக்கும் துணியை மறந்துவிட்டு ஓட்ட முடிந்ததா என்பதுதான் என் ஒரே அளவுகோல். பாவாடை தாவணியில் பழகி, புடவையில் வேலைக்குப் போய், பிறகு சுடிதாருக்கு மாறியவள் நான். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

முதல் இடம் முழு செயின் கவருக்கு. பல்சக்கரம் முதல் பின் அச்சு வரை சங்கிலியை மொத்தமாக மூடிய தகர உறை அது. இங்கிலாந்தில் சன்பீம் சைக்கிள்களில் சங்கிலி எண்ணெயிலேயே ஓடும்படி அந்த உறையை இறுக்கமாக மூடிச் செய்தார்கள். நம் ஊர் கவர் அவ்வளவு நுட்பமானதல்ல. ஒரு கிளிப் தளர்ந்தால் மேடு பள்ளத்தில் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஆனாலும் நாற்பது ஆண்டுகளில் என் புடவைக் கொசுவம் ஒரு முறைகூடச் சங்கிலியில் சிக்கியதில்லை. வெள்ளைப் புடவை கட்டிய நாளில்கூட அதைப் பற்றி யோசித்ததில்லை.

அரை கவர் போட்ட வண்டியில் என்ன நடக்கும் என்று அண்ணனிடம் பார்த்திருக்கிறேன். பெல்பாட்டம் கொடிகட்டிப் பறந்த காலம். முழங்காலுக்குக் கீழே முறம் போல விரியும் கால்சட்டை. வலது கால் ஓரம் எப்போதும் சங்கிலிக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். கணுக்காலில் மாட்டிக்கொள்ள வளைந்த எஃகுக் கிளிப் விற்றார்கள். மிக நல்ல சாமான், விலையும் அற்பம். ஆனால் அதை மாட்டினால் பெல்பாட்டத்தின் அழகு போய்விடும் என்று அண்ணன் மாட்ட மாட்டான். 1979 தீபாவளிக்குத் தைத்த சட்டையும் பேன்ட்டுமாகக் கிளம்பியவன் வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில் விழுந்து, அரை முழத் துணியைச் சங்கிலியிடம் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தான். கிரீஸ் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தது அம்மா. சைக்கிளோடு சேர்த்துப் பார்த்தால் பெல்பாட்டத்தைவிட மோசமான உடையை நான் கண்டதில்லை.

அடுத்தது பின்சக்கர வலை. மட்கார்டின் இரு பக்கமும் அச்சை நோக்கி விசிறி போல இறங்கும் வலை அது. முந்தானையைக் கம்பிகளுக்குள் போகவிடாது. ஐரோப்பாவில் தரை புரளும் பாவாடையோடு பெண்கள் சைக்கிள் ஏறத் தொடங்கிய 1890-களிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. பாவாடைக்குச் செய்தது புடவைக்கும் அப்படியே பொருந்தியது. என் வண்டியில் இருந்த நூல் வலை நாலு மழையில் நைந்துவிட்டது. அம்மாவே மீன்வலை நரம்பு வாங்கி, பழைய துளைகளிலேயே புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அந்த வலை பதினெட்டு ஆண்டுகள் உழைத்தது.

இப்போது தோல் சீட்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

இரும்புச் சட்டத்தின் மேல் கெட்டித் தோலை ரிவெட் அடித்து இழுத்துக் கட்டிய சீட்டு. அடியில் இரண்டு சுருள் வில். பெண்கள் வண்டிக்கு வந்த சீட்டின் மூக்கு குட்டையாக இருக்கும். பர்மிங்காமில் 1866-இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் இன்றும் பாவாடைக்காரர்களுக்காக அப்படிக் குட்டை மூக்குச் சீட்டு செய்கிறது. என்னுடையது அது அல்ல, உள்ளூர்ச் சரக்கு. முதல் மூன்று மாதம் பலகைமேல் உட்கார்ந்தது போல இருந்தது. ஐந்து பாலம் தாண்டி வீடு சேர்ந்ததும் திண்ணையில் உட்காரக்கூட முடியாது. முதல் ஐப்பசி மழையில் தோலின் பழுப்புச் சாயம் இறங்கி, ஒரு இளமஞ்சள் ‘வாயில்’ (மெல்லிய பருத்தி) புடவை வீணாயிற்று. அழுதேன். மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனபோது, “இன்னும் மூணு மாசம் பொறும்மா, அது உன் சீட்டா மாறிடும்” என்றார் கடைக்கார அண்ணன். பொங்கலுக்குள் மாறிவிட்டது. உடம்பு எங்கே அழுந்துகிறதோ அங்கே தோல் பள்ளமாகி, மெருகேறி, வேறு யார் உட்கார்ந்தாலும் பொருந்தாத ஒரு வடிவத்துக்கு வந்தது.

அதற்கு நான் செய்த ஒரே கெடுதல் விளக்கெண்ணெய். தோல் பளபளக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறையத் தடவினேன். தோல் தொய்ந்து தொட்டில் போல ஆகிவிட்டது. மூக்குக்கு அடியில் இருக்கும் நட்டை முடுக்கித்தான் மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. தோல் சீட்டு வைத்திருப்பவர்கள் எண்ணெயை மிகக் குறைவாகவே தொட வேண்டும். மழையில் நிறுத்தினால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தால் போதும். 2003-இல் பின் ரிவெட்டுகள் விட்டுப்போயின. பஸ் நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவர் செப்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அதே தோல், இன்றும்.

அந்தச் சீட்டின் மேல் 1987-இல் ஒரு உறை வாங்கிப் போட்டதுதான் என் சைக்கிள் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு. ஊதா நிற வெல்வெட், உள்ளே ஸ்பாஞ்சு, சுற்றிலும் தங்க நிறக் குஞ்சம். அன்றைக்கு எல்லாச் சைக்கிளிலும் அது இருந்தது. பார்க்க மணமேடை போல இருக்கும். ஆனால் ஸ்பாஞ்சு ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெளியே உலர்ந்தது போலக் காட்டும். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து உட்கார்ந்தாலும் புடவை நனைந்துவிடும். ஈரப் புடவையோடு ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த கூச்சத்தை இன்றும் மறக்கவில்லை. மறுநாளே கழற்றி எறிந்தேன்.

ஹேண்டில்பார் பிடியில் தொங்கிய பிளாஸ்டிக் சடைகளும் அப்படித்தான். கோடையில் பிடி இளகி உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும். போக்ஸ் கம்பியில் கோத்த வண்ண மணிகளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெதுவாகப் போகும்போது அவை கம்பி வழியே சரிந்து விழும் சத்தம் கேட்டுத்தான் என் மகன் வாசலுக்கு ஓடி வருவான்.

டைனமோவை என்னால் முழுதாகத் திட்டவும் முடியவில்லை, புகழவும் முடியவில்லை. ஆறு வோல்ட், மூன்று வாட். டயரின் பக்கவாட்டில் உரசி ஓடி விளக்குக்கு மின்சாரம் தரும்; மிதிப்பது கனமாகும்; டயர் தேயும். பாலத்து மேட்டில் ஏறும்போது விளக்கு மின்மினி போல மங்கும், இறக்கத்தில் ஊரையே காட்டும். நின்றால் இருட்டு. முன் பல்பு போனால் அதற்குரிய மின்சாரமும் சேர்ந்து பின்னால் பாய்ந்து சிவப்பு பல்பையும் எரித்துவிடும். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். இவ்வளவு குறை இருந்தாலும் விளக்கில்லாமல் போனால் போலீஸ் நிறுத்திய அந்தக் காலத்தில், பேட்டரி செலவில்லாமல் ஒரு பெண்ணை இருட்டில் வீடு சேர்த்தது அதுதான்.

ராடு பிரேக்குக்கு அந்த இரக்கம் கிடையாது. ரிம்மின் உட்புறத்தைக் கட்டை அழுத்தும் அமைப்பு. வெயில் காலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு போகப் பழகினேன். ஒரு கையில் குடை இருந்தால் அதுவும் முடியாது. குடமுருட்டிப் பாலத்தில் ஒரு முறை, எதிரே வந்த மாட்டுவண்டிக்கு முன்னால் காலைத் தரையில் தேய்த்துத்தான் நின்றேன்.

உடைகளில் நைலக்ஸ் புடவை மழைக்கு வரம், உதறினால் காய்ந்துவிடும். ஆனால் மெருகேறிய தோல் சீட்டில் வழுக்கிக்கொண்டே இருக்கும். பருத்திப் புடவைதான் சைக்கிளுக்கு ஏற்றது. சுடிதார் வந்தபோது விடுதலை என்று நினைத்தோம்; கால்களுக்கு விடுதலைதான், துப்பட்டா வேறு கதை. முந்தானையை இடுப்பில் செருகிவிடலாம். துப்பட்டாவுக்கு இரண்டு முனை, இரண்டும் பறக்கும். ஆடிக்காற்றில் முன்சக்கரத்துக்கே போகும். அங்கே வலையும் கிடையாது. குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சிடாமல் நான் ஏறுவதே இல்லை.

லேடீஸ் சைக்கிளைப் பற்றியே ஒரு குறையும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். நடுவில் இருக்கும் பார் மேல் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது ஒரு காரணம். அது எவ்வளவு சரி என்பது மகன் பிறந்ததும் எனக்குப் புரிந்தது. என் வண்டியில் பார் இல்லை. பிள்ளையைப் பின்னால் கேரியரில் என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவன் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி ஓட்டினேன்.

2015-இல் மகன் ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். பாலங்கள் மூச்சு வாங்காமல் கடந்தன. மழையிலும் பிரேக் உடனே பிடித்தது. அந்த ஒன்றில் என் பழைய வண்டி பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் செயின் கவர் இல்லை, மட்கார்டு இல்லை. முதல் வாரத்திலேயே சுடிதாரின் வலது கால் கறுத்து, முதுகில் சேற்றுக்கோடு விழுந்தது. அதற்கென்று தனி உடை உடுத்திக்கொண்டு கிளம்ப வேண்டும் என்றான். பால் வாங்கப் போவதற்கு உடை மாற்ற எனக்கு மனமில்லை. அவனே இப்போது ஓட்டுகிறான்.

பழைய வண்டிக்குப் போன மாதம் ஓவராயில் செய்தேன். அச்சில் சுழலும் பால்ரஸ் குண்டுகள், அவற்றைத் தாங்கும் கோன் எல்லாம் புதிது. காற்றடிக்கும் வால்வில் மாட்டும் ரப்பர் வால் டியூப் ஒரு முழம் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், வெயிலில் அது சீக்கிரம் வெடித்துவிடும். செயின் கவரின் பின்மூடி மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. எந்தக் கடையிலும் அது இப்போது இல்லை. கடைக்கார அண்ணனின் மகன் எண்ணெய் டின்னை வெட்டி ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். ஓரம் கொஞ்சம் கூராக இருக்கிறது. புடவை கட்டும் நாளில் அதன் மேல் ஒரு துண்டு டியூப் ரப்பரைச் சுற்றிக்கொள்கிறேன்.