வேலைய விடாம கைவேலை, மனச்சாட்சிய விடாம துணி: திருமலையில எது எதோட ஒத்துவரும்?

திருமலையில, அதாவது இலங்கைட திருகோணமலையில, கைவேலை செய்றாக்கள் கன பேர் இருக்கிறம், பையில அச்சடிக்கிறது, படம் கீறுறது, மணி கோக்கிறது, நோட்புக் தைக்கிறது எண்டு, ஆனா அதில முக்காவாசிப் பேருக்கு காலையில போய் சைன் வைக்கிற வேலை ஒண்டும் இருக்கு. கூடிக் கதைக்கேக்க எப்பவும் ரெண்டு கேள்விதான் வரும். வேலைய விடுறதா வச்சிருக்கிறதா எண்டது ஒண்டு, சாமான மலிவா வாங்கிறதா இல்ல நெய்றாக்களுக்கும் தைக்கிறாக்களுக்கும் ஒழுங்கா காசு போற மாதிரி வாங்கிறதா எண்டது மற்றது. எல்லாரும் இத தனித்தனியாத்தான் அலசுறாங்க. எனக்கெண்டா ரெண்டும் ஒரே கேள்விதான், ஏனெண்டா நீங்க பாக்கிற வேலைதான் உங்களுக்கு எந்தத் துணி கட்டுபடியாகும் எண்டத முடிவு பண்ணுது. நான் துணிப்பையில அச்சடிக்கிற ஆள், பகல்ல ஒரு தனியார் கொம்பனியில கணக்கு எழுதுறன், அதால பையையும் துணியையும் வச்சே சொல்றன், உங்கட சாமானுக்கு ஏத்த மாதிரி மாத்திப் பாருங்க.

முதல்ல வேலைகள்

அரசாங்க ஒபிஸ்தான் எங்கட ஊரில முதல் கனவு, கிழக்கு மாகாணசபைத் தலைமையகம் இங்க இருக்கிறதால அமைச்சு, திணைக்களம் எண்டு ஆக்கள் வேலை செய்ற இடம் குறைவில்ல. 8.30க்கு போனா 4.15க்கு வெளிய வரலாம், சனி ஞாயிறு லீவு, போயாவும் (பௌர்ணமி) லீவு, சம்பளம் மாசம் தவறாது. கைவேலைக்கு நல்ல நேரசூசி. சிக்கல் அரசாங்க ஊழியருக்கான விதிப் புத்தகமான தாபனக் கோவையில கிடக்கு, வெளியில காசுக்கு வேலை செய்றதெண்டா அனுமதி எடுக்கணும், அதுக்காகவே மனிசிட பேரில, தங்கச்சிட பேரில பேஸ்புக் பேஜ் நடத்திற ஆக்கள் இருக்கிறாங்க. பகிடி என்னண்டா 2022 நெருக்கடி நேரம் அரசாங்கமே வெள்ளிக்கிழமைய லீவாக்கி வீட்டில பயிர் செய்ங்க எண்டு சொன்னது. மரவள்ளி நடலாமெண்டா மான் படம் போட்ட பை அடிக்கிறதில என்ன வந்தது எண்டு அப்ப ஒபிஸ்காரர் கேட்டதில நியாயம் இருந்திச்சு.

வாத்தியார் வேலை பேப்பரில பாத்தா இன்னும் நல்லம். 7.30க்கு தொடங்கி 1.30க்கு முடியும், பின்னேரம் முழுக்க உங்கட கையில. உலகம் முழுக்க எழுத்துக்காரர் இப்பிடிப்பட்ட வேலையத்தான் தேடியிருக்கிறாங்க, காஃப்கா ப்ராக்கில விபத்துக் காப்புறுதி ஒபிஸில பாத்த வேலை மத்தியானம் ரெண்டு மணியோட முடிஞ்சிரும், எங்கட மூதூர் வ.அ. இராசரத்தினமும் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுக்கொண்டுதான் கதை எழுதினவர். ஆனா இப்ப அந்தப் பின்னேரத்த ரியூசன் திண்டு போடுது. சம்பளம் காணாது, ரியூசன் குடுத்தா காணும், ரியூசன் குடுத்தா நேரமில்ல. ரியூசன் வேணாமெண்டு சொல்ற துணிவு இருந்தா மட்டும் நேரக் கணக்கில இந்த வேலைக்கு முதலாம் இடம்.

தனியார் ஒபிஸ், கடை வேலைக்கு சட்டம் இருக்கு, 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல செய்தா ஒண்டரை மடங்கு காசு. எல்லா இடத்திலயும் அப்பிடி நடக்குதா எண்டு என்னட்ட கேக்காதீங்க. கணக்கு வேலையில மாசக் கடைசியும் மார்ச் மாசமும் போயிரும், மற்ற நாள்ல இரவு எட்டுக்குப் பிறகு மேசை என்ர. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) என்ர சம்பளத்தில 8 வீதம் வெட்டினா முதலாளி 12 போடுறார், ஈரிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) இன்னொரு 3. இத சின்ன விசயமா நினைக்காதீங்க, முழுநேரக் கதை வரேக்க திரும்பச் சொல்றன்.

ஹொட்டல் சீசன் வேலைய கன இளம் ஆக்கள் நல்லதெண்டு நினைக்கிறாங்க. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஏப்ரல் மேயில தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் வேலை, மிச்ச மாசம் கைவேலை, கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்கட பை விக்கிறதும் அந்த மாசங்கள்லதான், வெள்ளைக்காரனும் கொழும்புக்காரனும் வாற நேரம் நீங்க ரூம் கிளீன் பண்ணிக்கொண்டோ பாரில நிண்டுகொண்டோ இருப்பீங்க. லீவு கிடைக்கிற நேரம் வாடைக்காத்தும் மழையும், நவம்பர் டிசம்பரில துணியில போட்ட மை காயாது, திரையடிச்சு வச்சாலும் ஈரம் ஏறிரும், வாங்கவும் ஆளில்ல. மழைக்கு பூட்டின வீட்டுக்குள்ள செய்யக்கூடிய வேலை, அதாவது படம் கீறுறது, மணி கோக்கிறது, தையல், இதெண்டா சரிவரும். அச்சுக்காரருக்கு சரிவராது.

கடைசி, வேலைய விட்டிட்டு முழுநேரம். ஆசைப்படாத ஆள் இல்ல. இதப்பத்தி துணியப் பாத்திட்டு கதைப்பம்.

துணி

நாலு வழி இருக்கு. நான் எல்லாத்திலயும் துணி எடுத்துப் பாத்திருக்கிறன்.

ஒண்டு, தைச்சு முடிச்சு வாற மலிவு இறக்குமதிப் பை. கொழும்பில மொத்தமா வாங்கலாம், ஒன்லைனிலயும் வரும், நீங்க அச்சடிச்சா மட்டும் போதும். யார் தைச்சது, எங்க தைச்சது, என்ன சம்பளம், ஒண்டும் தெரியாது. 2013 ஏப்ரல் 24 பங்களாதேசில ராணா பிளாசா இடிஞ்சு 1,134 பேர் செத்ததுக்குப் பிறகும் தெரியாதெண்டு சொல்லி வாங்கிறது எனக்கு தொண்டையில நிக்குது. விலையில மட்டும் இத அடிக்க ஏலாது.

ரெண்டு, கார்மென்ட்ஸ் மிச்சம். எக்ஸ்போட் ஓடரில மிஞ்சின துணி கொழும்பு புறக்கோட்டையில கட் பீஸா வரும், சில இடத்தில கிலோ கணக்கு. ஏற்கனவே செய்த துணி, வீணாப் போறத எடுக்கிறம், அதால சுற்றாடல் பக்கம் பாத்தா இது நல்ல மார்க் எடுக்கும். ஆனா நீங்க குடுக்கிற காசு தைச்ச பிள்ளைக்குப் போகாது, யாவாரிக்குத்தான் போகும். அதோட இண்டைக்கு கிடைச்ச துணி அடுத்த தரம் கிடைக்காது, ஒருத்தர் அதே பை அம்பது வேணும் எண்டு ஓடர் தந்தா முழிக்கணும்.

மூண்டு, கைத்தறி. கிழக்கில கைத்தறி எண்டா மட்டக்களப்புக்கு தெற்கால இருக்கிற மருதமுனைதான், மட்டக்களப்புப் பக்கமும் நெய்றாங்க. முந்தி இங்க இருந்து கரையோட மட்டக்களப்புக்கு போறதெண்டா ஆறுகளக் கடக்க பாதைக்கு, அதாவது ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திற மிதவைக்கு, காவல் நிக்கணும், 2009இல கிண்ணியாப் பாலம் திறந்து பிறகு மற்றப் பாலங்களும் வந்தாப்பிறகுதான் விடியப் போயிட்டு இரவைக்கு வாறது லேசாச்சு. நேர போனா நெய்றவரிட்டயே காசக் குடுக்கலாம், அகலம், நிறம், கனம் எல்லாம் சொல்லி நெய்விக்கலாம். ஆனா கைத்தறி எண்டவுடன எல்லாம் புனிதம் எண்டு நினைக்காதீங்க, நூல் இங்க விளையிறதில்ல, கூட இந்தியாவில இருந்து வாறது, அந்தப் பருத்தி பிடுங்கினவருக்கு என்ன கிடைச்சது எண்டு எங்களுக்குத் தெரியப்போறதில்ல. கைத்தறி எண்டு சொல்லி மிசின் துணியும் விக்கிறாங்க, துணிட ரெண்டு கரையையும் உத்துப் பாத்தா பிடிபடும், கைத்தறியில கரை அங்கங்க கொஞ்சம் நெளிஞ்சிருக்கும், மிசின்ல கோடு போட்ட மாதிரி நேரா ஓடும். கலப்பு நூலா எண்டு பாக்க ஒரு இழைய உருவி கொளுத்துங்க. பருத்தி பேப்பர் மணத்தோட எரிஞ்சு சாம்பலாகி ஊத பறக்கும், பொலியெஸ்டர் எண்டா உருகிச் சுருண்டு நுனியில கறுப்பா கெட்டி உருண்டை ஒண்டு நிக்கும், நகத்தால அமத்தினாலும் உடையாது. யாவாரி என்ன சத்தியம் பண்ணினாலும் அந்த உருண்டை பொய் சொல்லாது.

கைத்தறியில வேலையும் கூட. கஞ்சி போட்டிருக்கும், அதக் கழுவாம அச்சடிச்சா மை நூலுக்குள்ள இறங்காம மேல நிக்கும், முதல் சலவையில மான்ட கொம்பு போயிரும். இரவு ஊறப்போட்டு, அலசி, காயவச்சு, சுருங்கிறதெல்லாம் சுருங்கினாப்பிறகு வெட்டணும், முதலே அளந்து வெட்டினா பை குறுகிப் போகும். தண்ணி மை போட்டு காய்ஞ்சாப்பிறகு பின்பக்கத்தால அயன் பண்ணணும். தடிப்பான இழை இருக்கிற இடத்தில சின்னக் கோடு உடையும், அதால டிசைன பெருசா, மொத்தக் கோட்டில கீறுங்க. பிளாஸ்ரிசோல் மை எண்டா எதிலயும் ஒட்டும், ஆனா அது பிவிசி பிளாஸ்ரிக், கைத்தறியில பிவிசி பூசுறதுக்கு பேசாம பொலித்தீன் சிலிசிலி பேக்கே விக்கலாம்.

நாலு, பழைய சாறி, சாரம், பெட்சீட். வீட்டில சும்மா கிடக்கும், இல்லாட்டி சொந்தக்காரரிட்ட கேட்டா அள்ளித் தருவாங்க. நிறம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி, அச்சுக்கு சரிவராது, ஒட்டுத் தையலுக்கு தங்கம்.

இதில ஒரு கணக்கையும் சொல்லணும், பை விக்கிறவன் சொல்லக்கூடாத கணக்கு. 2018இல டென்மார்க் சுற்றாடல் நிறுவனம் ஒரு ஆய்வு விட்டது, சாதாரண பொலித்தீன் பையோட பாக்க, காலநிலைய மட்டும் பாத்தா பருத்திப் பை 52 தரம் பாவிச்சாத்தான் சமன், எல்லாப் பாதிப்பையும் சேத்துப் பாத்தா 7,100 தரம். ஓகானிக் பருத்திக்கு 20,000. விளைச்சல் குறைவு, நிலம் கூட வேணும், அதால அப்பிடி. அது குப்பை கடலுக்குள்ள போறத கணக்கெடுக்காத ஆய்வு, எங்கள மாதிரி கடற்கரை ஊருக்கு அதுதான் பெரிய விசயம். எண்டாலும் ஓகானிக் லேபிள பாத்து கூடக் காசு குடுக்கிறதவிட, அஞ்சாறு வருசம் கிழியாத பிடி தைக்கிறது பெரிய தர்மம் எண்டு நான் நினைக்கிறன். பிடி சேருற இடத்தில பெட்டி போட்டு குறுக்காலயும் ஒரு தையல் ஓட விடுங்க.

இத ஏன் இப்ப சொல்றன் எண்டா, 2025 நவம்பரில இருந்து கடையில ஷொப்பிங் பேக்குக்கு காசு எடுக்கணும் எண்டு சட்டம் வந்தாப்பிறகு துணிப்பை கேக்கிற ஆக்கள் கூடிட்டாங்க. கேக்கிறது கூட மலிவுப் பைதான்.

நகைக்காரருக்கு ஒரு வார்த்தை. உங்கட சாமான் கடைத்தெருவில இல்ல, கடற்கரையில கிடக்கு, அதால சும்மா எண்டு தோணும். பவளப் பாறைத் துண்டும் ஆமை ஓடும் சட்டப்படி தொடக்கூடாத சாமான், நிலாவெளிக் கடலில இருக்கிற புறாமலைத் தீவு 2003இல இருந்து தேசிய பூங்கா, அங்க இருந்து பொறுக்கின எதையும் சுற்றுலாக்காரனுக்கு விக்காதீங்க. கண்ணாடி மணி, தேங்காய்ச் சிரட்டை, பனை ஓலை எவ்வளவோ இருக்கு.

எது எதோட

இப்ப ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. மலிவுப் பைக்கு காசும் வேணாம் நேரமும் வேணாம். மிச்சத் துணிக்கு காசு குறைவு, ஆனா தேடி அலையணும், ரயிலோ பஸ்ஸோ ஏறி கொழும்புக்கு போகணும். கைத்தறிக்கு முன்காசு குடுக்கணும், கழுவ, காயவைக்க, காத்திருக்க நேரம் வேணும். பழைய துணிக்கு காசே வேணாம், நேரம் மலைபோல வேணும்.

வேலைய விட்டு முழுநேரமா இறங்கின ஆளுக்கு நேரம் கூட எண்டுதான் வெளிய இருந்து பாத்தா தெரியும். நடைமுறையில மாசக் கடைசியில வாடகை, கரண்ட் பில், பிள்ளைட ரியூசன் காசு நிக்கும், முதலாளி போட்ட 12ம் 3ம் இப்ப தன்ர கையாலதான் போடணும், அதால வாற ஓடர் எல்லாத்தையும் எடுக்கணும், நாளைக்கு வேணும் எண்டாலும் ஓம் எண்டணும். நாளைக்கு வேணுமெண்டா கைத்தறி ஊறப்போட ஏலுமா? முழுநேரமா இறங்கின ஆக்கள்ல எனக்குத் தெரிஞ்ச கன பேர் ஆறு மாசத்துக்குள்ள மலிவுப் பைக்கு மாறிட்டாங்க, அவங்கள குறை சொல்ல என்னால ஏலாது, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை முந்நூறு ஓடர் வந்தா நானும் அந்த நிலைமையில அதத்தான் செய்வன்.

சம்பளக்காரராலதான் ‘இல்லை’ எண்டு சொல்ல ஏலும். அவசர ஓடர விடலாம், நெய்றவருக்கு முன்காசு குடுத்திட்டு அவர் நெய்து முடியிற வரைக்கும் காத்திருக்கலாம், விலைய அடிச்சுப் பேசாம விடலாம். வேலை எங்கட நேரத்த திண்டாலும் நியாயமா வாங்கிற தைரியத்த அதுதான் தருது. இதால எனக்கு முதலிடம் நேரம் நிச்சயமான ஒபிஸ் வேலையும் கைத்தறியும், அனுமதிக் கடிதம் கையில இருக்கிற அரசாங்க ஆளெண்டா இன்னும் நல்லம், போயா நீள விடுமுறைக்கு கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக்கும் சனம் வந்து இறங்கேக்க அவங்களுக்கு லீவு. வாத்தியாருக்கு பழைய துணி ஒட்டுத் தையல், பின்னேரம் நீளமா இருக்கு, டிசம்பர் லீவில மழைக்குள்ள இருந்து தைக்கலாம். ஹொட்டல்காரருக்கும் அதேதான். தனியாரில கடை வேலை பாத்து ஞாயிறு மட்டும் கிடைக்கிறவருக்கு மிச்சத் துணி, வருசத்தில ரெண்டு மூண்டு தரம் போய் மொத்தமா எடுத்து வச்சுக்கொண்டு எண்ணிக்கை குறைவா, ஒவ்வொண்டும் வேற மாதிரி எண்டே விக்கலாம்.

முழுநேரம் போகத்தான் வேணும் எண்டு நிக்கிறவருக்கு ஒரே ஒரு யோசனை இருக்கு. வேலைய விட முதல் ரெண்டு சீசனுக்குக் காணுற கைத்தறியை வாங்கி, கழுவி, மடிச்சு அலுமாரியில வச்சிருங்க, இந்த உப்புக்காத்துக்கு பூஞ்சணம் பிடிக்காம வேப்பிலையும் வச்சு. அந்தத் துணி முடியிறதுக்குள்ள அதே விலைக்கு அதே துணிய திரும்ப வாங்கிற அளவுக்கு பை ஓடுதா எண்டு பாருங்க. ஓடினா விடுங்க, ஓடாட்டி ஒபிஸ் வாசல் இன்னும் திறந்திருக்கிற நேரத்திலயே தெரிஞ்சிரும்.